இயந்திரத்திற்கு மெக்கானிக், பிள்ளைக்கு மந்திரவாதியா?

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் பெங்களூர் ரஸ்தாவில் மேற்கே போகிறவர்களுக்கு இருபுறமும் தொழிற்சாலைகளே கண்ணில் படும். ஒரு தலைமுறைக்கு முன் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமியில் இன்று மோட்டார் காரும் டெலிபோனும் கண்ணாடியும் விளைகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கினார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, நம் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகிறார்கள். ஏர் பிடித்தவன் மகன் இரும்புக் கை இயந்திரத்திற்குக் கட்டளையிடுகிறான் என்றால் அதில் நமக்கு வருத்தமென்ன, சந்தோஷந்தான். ஆனால் நாம் இன்று பேச வந்த சங்கதி வேறு.

இந்தத் தொழிற்சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒன்று திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்கிறார்கள்? யாராவது அதன் ஜாதகத்தைப் பார்க்கிறார்களா? அதற்குச் சனி பிடித்திருக்கிறது, எள் விளக்குப் போட வேண்டும் என்கிறார்களா? கரண்டு வருகிறதா, பியூஸ் போய்விட்டதா, பேரிங் தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கோளாறு உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அதைச் சரி செய்த பிறகுதான் மூச்சு விடுகிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவர் நம் தொழிலாளித் தோழர். சரி. அவர் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறார். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது. உடனே அந்தத் தோழரின் மெக்கானிக் மூளை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? காத்து கருப்பு என்கிறாள் பாட்டி; குலதெய்வக் குற்றம் என்கிறார் பங்காளி; நாகதோஷம் என்கிறார் ஜோசியர். எலுமிச்சம்பழம், முட்டை, தாயத்து, வேப்பிலை எல்லாம் செலவான பிறகு, கடன் வாங்கும் யோக்கியதையும் தீர்ந்த பிறகு, கடைசியாய் ஆஸ்பத்திரி. இரும்புக்கு ஒரு நியாயம், இரத்தத்திற்கு ஒரு நியாயமா என்று நாம் கேட்கிறோம்.

(ஆயுத பூஜை தினத்தில் இதே இயந்திரங்களுக்குச் சந்தனமும் பொட்டும் வைத்துப் பூசணிக்காய் உடைப்பதையும் நாம் அறிவோம். அந்த இயந்திரங்களைக் கண்டுபிடித்த கொரியாக்காரனும் ஜப்பான்காரனும் பிரெஞ்சுக்காரனும் சரஸ்வதியின் பெயரையே கேட்டிராதவர்கள் என்பதைப் பொட்டு வைக்கும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் போதும்.)

நிற்க, நம் உடம்புக்குள்ளும் இயந்திரசாலை இருக்கிறது என்பதையும், அது கெட்டால் வரும் வியாதிகள் இன்னவை என்பதையும் ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருஷத்திற்கு மேலாகத் தேடிக் கண்டிருக்கிறார்கள். அந்தச் சேதியை நம் மக்களுக்குச் சொல்வோர் யாருமில்லை. பத்திரிகைகளில் ராசிபலனுக்கு இடமுண்டு, இதற்கு இடமில்லை. ஆகவே நாம் சொல்லுகிறோம்.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், சிவப்பு இரத்த அணு போன்ற சிலவற்றைத் தவிர, நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. இவற்றுக்கு 1898-ல் பெண்டா என்னும் ஜெர்மானியர் மைட்டோகாண்டிரியா என்று பெயர் வைத்தார். நூல் போலவும் மணி போலவும் கண்ணுக்குத் தெரிந்ததனால் அந்தக் கிரேக்கப் பெயர். இவற்றின் வேலை என்னவென்றால், நாம் தின்னும் சோற்றையும் இழுக்கும் மூச்சையும் சேர்த்து உடம்பு நடப்பதற்கான சக்தியைச் செய்வதுதான். தொழிற்சாலைக்கு ஜெனரேட்டர் எப்படியோ உயிரணுவுக்கு இது அப்படி. இவை ஆதியில் தனியே வாழ்ந்த கிருமிகளாயிருந்து, வேறோர் அணுவுக்குள் புகுந்து, குடித்தனக்காரராகவே தங்கிவிட்டவை என்று 1967-ல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி எழுதினார். முதலில் பத்திரிகைகள் பல அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. இன்று உலகமே ஒப்புக்கொள்கிறது. சாஸ்திரத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள வித்தியாசம் இதுவே: அங்கே சொன்னவர் யார் என்று பார்ப்பார்கள், இங்கே சொன்னதற்கு ருஜு என்ன என்று பார்ப்பார்கள்.

குடித்தனக்காரன் என்றால் தன் பெட்டியும் படுக்கையும் வைத்திருப்பான் அல்லவா? அதுபோல மைட்டோகாண்டிரியாவுக்கும் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அதிலுள்ள எழுத்துகள் 16,569 என்று 1981-ல் இங்கிலாந்திலே ஃபிரெடரிக் சாங்கர் ஆராய்ச்சிச் சாலையார் முழுவதும் படித்து எழுதிவிட்டார்கள். அதில் ஜீன்கள் 37. ஜெனரேட்டருக்கு வேண்டிய சாமான்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பதிமூன்றுக்கு மட்டுமே அதன் சொந்தச் சீட்டில் குறிப்பு இருக்கிறது. மற்றவையெல்லாம் உயிரணுவின் நடுவிலுள்ள பெரிய டி.என்.ஏ.விலிருந்து, அதாவது தாய் தகப்பன் இருவரும் கொடுத்த சொத்திலிருந்து வருகின்றன. இந்தச் சங்கதியை வாசகர்கள் மறக்கக்கூடாது. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஜெனரேட்டர் பலவீனப்பட்டால் எந்தப் பகுதி முதலில் நிற்கும்? அதிகக் கரண்டு இழுக்கும் பகுதிதானே! அதுபோல உடம்பில் அதிக சக்தி செலவாகும் இடங்களான மூளை, கண், காது, இருதயம், தசை ஆகியவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆகவேதான் இந்த வியாதி ஒருவனுக்கு வலிப்பாகவும், இன்னொருவனுக்குக் கண் மங்கலாகவும், வேறொருவனுக்குச் செவிடாகவும் சர்க்கரை வியாதியாகவும், ஒரு குழந்தைக்குக் கழுத்து நிற்காமல் போவதாகவும் வருகிறது. நடந்தால் கால் துவளுகிறது என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்று மாமியார் ஏசுகிறாள். ஒரே நோய் பத்து வேஷம் போட்டு வருவதால் வைத்தியர்களே பல வருஷம் திகைத்தார்கள். மைட்டோகாண்டிரியா கெட்டதால் வந்த வியாதி என்று ஒன்றை முதன்முதல் ருஜுப்பித்துக் காட்டியவர் சுவீடன் தேசத்து ரோல்ஃப் லுஃப்ட்; அது 1962-ல். அதன் டி.என்.ஏ.யில் உள்ள பிழையே நோய்க்குக் காரணம் என்று அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸ் கூட்டத்தாரும், இங்கிலாந்தில் ஹோல்ட், ஹார்டிங், மார்கன்-ஹியூஸ் ஆகியோரும் 1988-ல் கண்டார்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவரை இவ்வகை வியாதிகள் பிடிக்கலாம் என்பது வெளிதேசத்துக் கணக்கு.

இனி ஜோசியர்களுக்கும் புரோகிதர்களுக்கும் மிகவும் பிடித்த கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்? பூர்வ ஜென்மத்தில் அது செய்த பாவமல்லவா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பரிகாரத்திற்குச் சீட்டெழுதுவார்கள். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்து வெகுநாளாயிற்று. மைட்டோகாண்டிரியா தாயின் கருமுட்டையிலிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தகப்பனுடையது கருவில் அழிக்கப்பட்டுவிடுகிறது. தாயின் உடம்பில் நல்லதும் கெட்டதுமாக இரண்டுவிதமும் கலந்திருக்கலாம். களத்திலே நெல்லும் பதரும் கலந்து கிடக்கும் குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று பிடி அள்ளினால், ஒரு பிடியில் பதர் அதிகமாகவும் ஒரு பிடியில் நெல் அதிகமாகவும் வருவது சகஜந்தானே? ஒவ்வொரு கருமுட்டையும் ஒவ்வொரு பிடி. பதர் ஓரளவுக்கு மேல் போனால் நோய். அதற்குக் குறைந்தால் பிள்ளை ஓடி விளையாடும். அள்ளிய கைக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. பிடி நெல்லை வைத்து ஆயிரம் வருஷமாய் உழுதவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள எந்த வேதமும் வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஆராய்ச்சி வெள்ளைக்காரன் தேசத்தில் மட்டும் நடப்பதாக எண்ண வேண்டாம். ஐதராபாத்தில் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் என்ற பெரிய ஆராய்ச்சிச் சாலை 1977-ல் ஏற்பட்டது. அதை நிறுவியவர் புஷ்பா மித்ர பார்கவா. அவர் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. சாதியால் அல்ல, கொள்கையால். மனிதன் அறிவு பெறுவது மனித முயற்சியால்தான், தெய்வ அருளால் அல்ல என்று கையெழுத்துப் போடும்படி 1964-ல் அவர் விஞ்ஞானிகளைக் கேட்டார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் பலர் பேனாவை எடுக்கத் தயங்கினார்கள்! 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழுவினர் சர்வகலாசாலைகளில் ஜோசியத்தைப் பாடமாக்கத் துணிந்தபோது அவர் கோர்ட்டுக்குப் போனார். ஐகோர்ட்டில் தோற்று, 2004-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றார். அதற்காக ஜோசியம் மெய்யாகிவிடவில்லை. 2015-ல் அரசாங்கம் முன்பு கொடுத்த பத்மபூஷண் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார், 2017-ல் காலமானார். பட்டத்துக்காக நாக்கைத் தொங்கப்போடும் கூட்டத்துக்கு நடுவில் இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

அந்த ஆராய்ச்சிச் சாலையிலே பல்லாண்டுகளாக மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.யைப் பற்றி வேலை செய்துவருபவர் குமாரசாமி தங்கராஜ் என்ற நம் தமிழ்நாட்டுக்காரர். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி வைத்தியர்களோடு கூடி, நம் நாட்டு நோயாளிகளிடம் இந்தப் பிழைகளைத் தேடியிருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் இளைஞரைத் திடீரென்று குருடாக்கும் லீபர் என்னும் கண் நரம்பு வியாதியைப் பரிசோதித்து, வெளிநாட்டில் சாதாரணமாய்க் காணும் பிழைகள் இங்கே அவ்வளவு அதிகமாக இல்லை என்று 2010-ல் எழுதினார்கள். அதாவது, நம் மக்களின் வியாதியை நம் மக்களிடந்தான் தேட வேண்டும், கடன் வாங்கிய புத்தகம் முழுதும் போதாது என்று ஏற்படுகிறது.

இந்தத் தாய்வழி டி.என்.ஏ. நோயை மட்டும் காட்டுவதில்லை. வம்சத்தையும் காட்டுகிறது. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று பின்னோக்கிக்கொண்டே போனால் உலகத்து மக்கள் அனைவரின் தாய்வழியும் ஒன்றரை, இரண்டு லட்சம் வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேருகிறது என்று 1987-ல் கான், ஸ்டோன்கிங், வில்சன் ஆகிய மூவர் எழுதினார்கள். (அன்று அவள் ஒருத்திதான் இருந்தாள் என்று அர்த்தமல்ல. மற்றவர்களுடைய பெண்வழி நடுவில் அற்றுப்போயிற்று, அவ்வளவே.) 2005-ல் தங்கராஜ் கூட்டத்தார் அந்தமான் தீவிலுள்ள ஓங்கே மக்களின் தாய்வழியைப் படித்து, ஆப்பிரிக்காவை விட்டு வெகுகாலத்திற்கு முன் புறப்பட்ட ஆதிமக்களோடு அது சேருகிறது என்று காட்டினார்கள். இந்தியாவிலோ, மலையிலுள்ளவரும் அக்கிரகாரத்திலுள்ளவரும் சேரியிலுள்ளவரும் பெரும்பாலும் ஒரே பெரிய தாய்வழிக் கிளையைச் சேர்ந்தவர்களாகவே காணப்படுகிறார்கள். ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான் என்று எழுதிவைத்தவர்களை நாம் கேட்பது, அந்த முகத்துக்கும் காலுக்கும் மைட்டோகாண்டிரியா கொடுத்த தாய் யார் என்பதுதான். ஆண் பிள்ளை பிறந்தால்தான் வம்சம் விளங்கும் என்று பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்த தேசம் இது! ஆணிடம் வந்த மைட்டோகாண்டிரியா அவனோடு முடிந்துபோகிறது. வழிவழியாய் அதைக் கொண்டுபோகிறவள் பெண்.

தோழர்களே, இங்கேதான் நாம் மிகவும் ஜாக்கிரதையாய்ப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் சமூகத்தில் எந்த அறிவைக் கொண்டுவந்து வைத்தாலும் அதைப் பெண்ணை அடிக்கும் தடியாக மாற்றிவிடுவார்கள். "தாய்வழி நோய்" என்று ஒரு டாக்டர் வாய்விட்டால் போதும். "உன் வீட்டு ரத்தத்தால் என் மகன் வம்சம் கெட்டது" என்று மருமகளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்த மாமனார் வீட்டாருக்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்துவிடும். இதை நாம் கற்பனையாய்ச் சொல்லவில்லை. பிள்ளை இல்லையென்றாலும், பெண்ணே பிறந்தாலும் பெண்ணையே குற்றம் சொல்லிப் பழகிய வாய் இது. பெண் பிறப்பதும் ஆண் பிறப்பதும் ஆணின் வித்தைப் பொறுத்தது என்று தெரிந்து நூறு வருஷத்திற்கு மேல் ஆகியும் அந்தப் பழி நிற்கவில்லையே! ஆகவே நியாயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிடுவோம். முதலாவது, தாய் அந்தப் பிழையைத் தன் தாயிடமிருந்து கேளாமலே பெற்றவள். ஆஸ்தி வரும்போது பங்கு கேட்கும் உரிமையைத் தராதவர்கள் நோய் வரும்போது மட்டும் பொறுப்பை முழுதும் அவள் தலையில் கட்டுவது எந்தத் தர்மம்? இரண்டாவது, ஜெனரேட்டரின் சாமான்களில் பதிமூன்று போக மீதியெல்லாம் இருவர் சொத்திலிருந்தும் வருகின்றன என்று முன்னமே சொன்னோம். குழந்தைப் பருவத்தில் வரும் மைட்டோகாண்டிரிய வியாதிகளில் பெரும்பான்மை இந்த வகையைச் சேர்ந்தவையே. அதாவது தகப்பனிடம் ஒரு பிழைச்சீட்டு, தாயிடம் அதே இடத்தில் ஒரு பிழைச்சீட்டு, இருவரும் சுகமாயிருப்பார்கள், இரண்டு சீட்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். இதில் மருமகளுக்கு எவ்வளவு பங்கோ மகனுக்கும் அவ்வளவு பங்கு.

அப்படியானால் இருவரிடமும் ஒரே பிழைச்சீட்டு இருப்பதற்கு என்ன காரணம் என்று கேட்கலாம். காரணம் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அக்காள் மகளைக் கட்டு, மாமன் மகளைக் கட்டு, சொத்து வெளியே போகக்கூடாது என்கிறோம். தமிழ்நாட்டில் நடக்கும் கலியாணங்களில் நாலில் ஒன்றுக்குக் குறையாமல் இன்றும் உறவு முறைக்குள்ளேயே நடக்கின்றன. ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பிழைச்சீட்டு இரண்டு பேரன் பேத்திகளிடம் இருப்பது ஆச்சரியமா? உறவில் கட்டினவர் பிள்ளைகளெல்லாம் நோயாளி என்று நாம் சொல்லவில்லை; பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது வைத்தியர் அனைவரும் ஒப்புக்கொண்டது.

உறவு என்பது சின்ன வட்டம். சாதி என்பது அதன் பெரிய வட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். 2013-ல் தங்கராஜ், அமெரிக்காவின் டேவிட் ரைக் முதலியவர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமார் 4,200 வருஷங்களுக்கு முன்னிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்வரை இந்த நாட்டு மக்கள் வித்தியாசமின்றிக் கலந்து கலியாணம் செய்திருக்கிறார்கள் என்றும், அதன் பிறகே அவரவர் கூட்டத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்றும் தெரியவந்தது. சாதி அநாதி, பிரம்மா காலத்திலிருந்து வருவது என்று சொன்னவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள்? பிறகு 2017-ல் இன்னொரு ஆராய்ச்சி: 260-க்கு மேற்பட்ட கூட்டங்களைச் சேர்ந்த 2,800-க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில், 81 கூட்டங்கள் வெகு சில மூதாதையரிடமிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே கலியாணம் செய்து வந்தவை என்றும், இதில் யூதரில் ஒரு பிரிவினரையும் பின்லாந்துக்காரரையும் மிஞ்சியவை என்றும் கண்டார்கள். அவற்றில் 14 கூட்டங்கள் பத்து லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்டவை. ஆந்திர வைசியர்களில் ஆபரேஷன் சமயத்தில் கொடுக்கும் ஒருவகை மருந்து ஒத்துக்கொள்ளாத குறை மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். அதனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வைத்தியர் சாதியை விசாரிக்க வேண்டியிருக்கிறது! கோயிலில் சாதி கேட்டது போய், ஆபரேஷன் மேஜையிலும் சாதி கேட்க வேண்டிய நிலைமையைச் சாதிக் கலியாணம் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே இராமானுசர் பிறந்த ஊர் என்று பெருமை பேசுகிறார்கள். எல்லோரும் கேட்க மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறிச் சொன்னாராம். சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். ஆயிரம் வருஷத்திற்குப் பிறகும் அந்த மந்திரத்தைக் கேட்டவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்கிறார்களா? 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டு ஜில்லாவின் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில் சாதிப் பட்டத்தை விடவும், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றும், விரும்பியவரை மணக்கும் உரிமை வேண்டுமென்றும் தீர்மானம் செய்தபோது, இவர்கள் குலத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்று வைதார்கள். குலத்தைக் கெடுத்தது யார் என்று இப்போது ஆராய்ச்சிச் சாலைக் கண்ணாடிக் குழாய் சொல்லுகிறது. புரோகிதமில்லாத திருமணம் 1967-ம் வருஷத்துச் சட்டத்தால் செல்லுபடியாகிவிட்டது. ஆனாலும் 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில், சாதி மாறிக் கலியாணம் செய்த ஒரு இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தென்மாவட்டத்துப் பெண்ணும் வடமாவட்டத்துப் பையனும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதைத் தடுக்க ஊரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நோயைப் பற்றிய கவலையெல்லாம் அந்தக் காரில் இருப்பவர்களுக்கு எங்கே இருக்கப் போகிறது? நோய் இல்லாவிட்டாலும் விரும்பியவரை மணப்பது மனிதருடைய உரிமைதான்; நோயைச் சொல்லித்தான் அந்த உரிமையைக் கேட்க வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் "எங்கள் இரத்தம் சுத்தமானது" என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கு அந்தச் சுத்தத்தின் யோக்கியதை இன்னது என்று காட்டத்தான் வேண்டும்.

இந்த ஆராய்ச்சியால் ஏழைக்கு உடனே பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறோம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் என்று சில ஊசி மருந்துகள் உண்டு. கிருமியைக் கொல்லுகிறவை, உயிர் காக்கிறவை. ஆனால் அளவு மிஞ்சினால் காதைக் கெடுக்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். சில குடும்பங்களிலோ கொஞ்சம் கொடுத்தாலும் காது முற்றிலும் போய்விடுகிறது. காரணம் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.யில் 1,555-வது எழுத்து மாறியிருப்பது என்று 1993-ல் கண்டார்கள். மைட்டோகாண்டிரியா ஆதியில் கிருமி என்று சொன்னோமல்லவா? அந்த ஓரெழுத்து மாறியதும் அது இன்னும் கிருமி சாயலாகிவிடுகிறது. கிருமிக்கு வைத்த மருந்து அதையும் பிடித்துக்கொள்ளுகிறது. இந்த மருந்துகள் கிருமிக்குள் எந்த இடத்தில் போய்ப் பிடிக்கின்றன என்பதை 2000-ல் படம் போட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் நோபல் பரிசு பெற்றவர். ஜோசியம் பயனற்றது என்று 2016-ல் சண்டிகாரில் பகிரங்கமாய்ச் சொன்னவரும் அவரே. நோபல் பரிசு வந்தபோது தமிழன் என்று மார்தட்டிய பத்திரிகைகள், மறுநாளும் ராசிபலனை நிறுத்தவில்லை! நிற்க, தாய்வழியில் ஊசி போட்டபின் செவிடானவர் ஒருவர் இருக்கிறார் என்பதை வைத்தியரிடம் சொன்னால், அவர் வேறு மருந்து கொடுப்பார். ஒரு குழந்தையின் காது தப்பும். செலவு ஒரு காசும் இல்லை. ஆனால் நாம் சொல்லுவதில்லை. பெண்ணுக்குக் கலியாணம் ஆகாது என்று மறைக்கிறோம்.

இரண்டாவது, முன் சொன்ன லீபர் கண் வியாதி. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு, முதலில் ஒரு கண், சில வாரத்திலோ மாதத்திலோ மற்றக் கண் என்று நடுப்பார்வை போய்விடுகிறது. பிழையுள்ளவர் எல்லோருக்கும் வருவதில்லை. ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. பீடி சிகரெட் குடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2009-ல் கணக்கெடுத்துக் காட்டினார்கள். தாய்மாமன் இளவயதில் குருடானான் என்றால் மருமகன் சிகரெட்டைத் தொடாமலிருக்க அது போதிய காரணம். "தாய்மாமனுக்குச் சாபம்" என்று சொல்லிக் கோயிலுக்கு மொட்டை போடுகிறவன், மொட்டைத் தலையோடு வெளியே வந்து பீடி பற்ற வைக்கிறான்!

ஒன்றை நாம் மறைக்கப் போவதில்லை. இந்த வியாதிகளில் பெரும்பாலானவற்றை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. வலிப்பை அடக்கலாம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம், இருதயத்துக்குக் கருவி வைக்கலாம். இந்த நோயாளிகளில் சிலருக்குச் சாதாரண வலிப்பு மாத்திரை ஒன்றே ஈரலைக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். மந்திரவாதி மூன்று நாளில் தீர்ப்பதாகச் சொல்லுகிறான். டாக்டர் "தீராது, ஆனால் இன்னின்னது செய்யலாம்" என்கிறார். இதில் யோக்கியர் யார்? மந்திரவாதியை நம்பி எல்லை கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்டில் ஏர்வாடி சாட்சி. தர்காவைச் சுற்றியிருந்த ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று நாம் இதில் பேதம் பார்ப்பதில்லை. சங்கிலி எல்லா மதத்திலும் இரும்பினால்தான் செய்யப்படுகிறது. அதுபோலவே, "மைட்டோகாண்டிரியாவுக்குச் சக்தி" என்று நவீன எழுத்தில் அச்சடித்து டப்பா விற்கிறவர்களையும் நம்ப வேண்டாம். தாயத்துக்குள் தகடு இருப்பது போல அந்த டப்பாவுக்குள் மாத்திரை இருக்கிறது, விலைதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் இன்னொரு படி போயிருக்கிறார்கள். தாயின் கருமுட்டையிலுள்ள பெரிய டி.என்.ஏ.யை மட்டும் எடுத்து, நல்ல மைட்டோகாண்டிரியா உள்ள வேறொரு பெண் கொடுத்த முட்டையில் வைத்துப் பிள்ளை பெறச் செய்வது. 2015-ல் அங்கே பார்லிமெண்டில் விவாதித்து இதற்குச் சட்டம் செய்தார்கள். 2025 ஜூலையில் நியூகாசில் வைத்தியர்கள் இவ்விதம் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாகத் தெரிவித்தார்கள். ஆண் பெண் சேர்க்கையில்லாமலே பிள்ளை பெறும் காலம் வரும் என்று பெரியார் "இனிவரும் உலகம்" என்பதில் 1940-களிலே சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. இந்த எட்டுக் குழந்தைகளுக்கும் கோத்திரம் எது, எந்தத் தாயின் நட்சத்திரத்துக்குப் பொருத்தம் பார்ப்பது என்று நம் சாஸ்திரிகளைக் கேட்க நமக்கு ஆசையாயிருக்கிறது. கேட்டால் என்ன சொல்லுவார்கள் தெரியுமா? இதெல்லாம் மகாபாரதத்திலேயே உண்டு என்பார்கள். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே ஒரு துணைவேந்தர், கௌரவர் நூறு பேரும் சோதனைக் குழாய்ப் பிள்ளைகள் என்று பேசினார். குடத்தில் நூறு பிள்ளைகளை வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு, பிள்ளைகளின் தகப்பனான திருதராஷ்டிரனுடைய கண்ணுக்கு வைத்தியம் செய்யத் தெரியாமல் போனதேன்?

இனி நாம் வேண்டுவது இதுதான். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் யூனியன் வைத்திருக்கும் தோழர்கள், போனசுக்கும் சம்பளத்துக்கும் கேட்பதோடு, தொழிலாளர் குடும்பத்துக்கு ஜீன் பரிசோதனையும், கலியாணத்துக்கு முன்னும் பின்னும் அதைப் பற்றி ஆலோசனை சொல்லும் வைத்தியரும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் வேண்டும் என்று கேட்க வேண்டும். அபூர்வ வியாதிகளுக்கென்று மத்திய அரசாங்கம் 2021-ல் ஒரு திட்டம் வெளியிட்டது. குறிப்பிட்ட நிலையங்களில் பட்டியலில் உள்ள வியாதிகளுக்கு ரூ.50 லட்சம் வரை உதவி உண்டு என்றும் பிறகு ஏற்படுத்தினார்கள். சென்னை எழும்பூர் அரசாங்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி அந்த நிலையங்களில் ஒன்று. உங்கள் பிள்ளையின் வியாதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அது நம் வரிப்பணம்.

செம்பரம்பாக்கத்திலிருந்து எழும்பூர் தூரமில்லை. பிள்ளைக்குக் காரணம் தெரியாத வலிப்போ, தசைத் தளர்ச்சியோ, பார்வைக் குறைவோ இருந்தால், ஜாதக நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு தாளில் தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் மூன்று தலைமுறையில் யார் யாருக்கு என்ன வியாதி, எந்த வயதில் வந்தது, யார் யாரை உறவில் கட்டினார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். அந்தத் தாளில் தாய்மாமன் கண்ணையும் பெரியம்மாள் காதையும் எழுத மறக்க வேண்டாம்.